சேர்ப்பதற்கு முன் விடுவது

2010 நவம்பர், குவாங்சோ ஆசிய விளையாட்டு. பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தில் இந்தியாவின் பிரீஜா ஸ்ரீதரன் 31 நிமிடம் 50.47 வினாடியில் தங்கம் வென்றார். இன்னோர் இந்தியரான கவிதா ராவுத் 31 நிமிடம் 51.44 வினாடியில் வெள்ளி பெற்றார். இருபத்தைந்து சுற்று ஓடிய பிறகும் இருவருக்கும் நடுவே ஒரு முழு வினாடி இல்லை. சில நாள் கழித்து 5,000 மீட்டரில் பிரீஜாவே ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் தங்கத்தைத் தவறவிட்டார்.

நெடுந்தூர ஓட்டம் என்றாலே நமக்கு மூச்சுதான் நினைவுக்கு வரும். ஆனால் கடைசிச் சுற்று வரை முன்னணியில் ஒட்டிக்கொண்டு வந்த எல்லோருக்குமே மூச்சு இருக்கிறது. அங்கே ஆளைப் பிரித்துக் காட்டுவது கால் வலு.

பிரீஜா பிறந்தது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். படிப்பும் பயிற்சியும் பாலக்காட்டில். போடியிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறிப் போனால் இடுக்கி. பார்க்கும் திசையெல்லாம் ஏற்றம். கோவையிலிருந்து வாளையாறு தாண்டினால் பாலக்காடு; மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் விலகி நின்று காற்றுக்கும் ரயிலுக்கும் வழிவிட்ட தாழ்நிலம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதியை எட்டிய ஷைனி இடுக்கியின் தொடுபுழாக்காரர். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் அதே தூரத்தில் தங்கம் வென்ற பீனாமோளும் இடுக்கிதான். 2017, 2019 ஆசியத் தடகளப் போட்டிகளில் 1,500 மீட்டர் தங்கத்தை எடுத்த பி.யு. சித்ரா பாலக்காட்டு முண்டூர். இவையெல்லாம் வேகமும் தாங்குதிறனும் ஒன்றைவிட்டு ஒன்று நிற்க முடியாத தூரங்கள்.

மலையில் நடந்து பழகிய காலுக்கு வலிமை வேறு, தாங்குதிறன் வேறு என்று தெரியாது. ஏற்றத்தில் ஒவ்வோர் அடிக்கும் சொந்த உடம்பையே தூக்கி வைத்தாக வேண்டும். ஓடுவதற்கு மைதானம், பளு தூக்க ஜிம் என்று இடத்தைப் பிரித்த பிறகுதான் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியே எழுந்தது.

சேர்ப்பது சுலபமில்லை என்று முதலில் அளந்து காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன். 1980இல் அவர் வெளியிட்ட ஆய்வில் மூன்று குழுக்கள். ஒன்றுக்குப் பளுப் பயிற்சி, வாரம் 5 நாள். இன்னொன்றுக்குத் தாங்குதிறன் பயிற்சி, வாரம் 6 நாள். மூன்றாவது குழு இரண்டையும் முழு அளவில் செய்தது. பத்து வாரம் நடந்தது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மூன்றாவது குழுவுக்கும் குறைவின்றிக் கூடியது. அந்தக் குழுவின் வலிமையோ ஏழெட்டு வாரம் வரை ஏறி, நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது.

இதைப் படித்தவர்கள், வலிமையும் தாங்குதிறனும் பகை என்று முடிவுகட்டியிருக்கலாம். 1999இல் பின்லாந்திலிருந்து வேறொரு சேதி வந்தது. பாவோலைனனும் சகாக்களும் நெடுந்தூர ஓட்டக்காரர்களை 9 வாரம் பயிற்றுவித்தார்கள். குறுந்தூரப் பாய்ச்சல், தாவல், குறைந்த பளுவை வேகமாகத் தள்ளுதல் ஆகியவை பயிற்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடவில்லை. ஆனால் 5 கிலோமீட்டர் ஓடும் நேரம் குறைந்தது. ஒவ்வோர் அடியும் தரையில் பட்டு எழும் நேரம் சுருங்கியது. அதே வேகத்துக்குச் செலவாகும் ஆற்றலும் குறைந்தது. வலுவான கால், மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது.

அப்படியானால் எது சரி? இரண்டும் சரிதான். ஹிக்சனின் மூன்றாவது குழு ஒரு முழுப் பயிற்சியின் மேல் இன்னொரு முழுப் பயிற்சியை ஏற்றியது. பின்லாந்துக்காரர்கள் மொத்தப் பயிற்சியைக் கூட்டவில்லை. ஓட்டத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் வலிமையை வைத்தார்கள். நெருக்கி நட்ட வயலில் பயிர் தூர் கட்டாது என்பது பாலக்காட்டு விவசாயிக்குத் தெரிந்த சங்கதி. தசை வளர்வது பளுவைத் தூக்கும்போது அல்ல, இறக்கி வைத்துவிட்டு உண்டு உறங்கும்போது. அந்த நேரத்தையும் இன்னொரு பயிற்சிக்குக் கொடுத்துவிட்டால் உடம்பு எங்கே போய் வளரும்?

மைதானத்தில் மட்டும் நடக்கும் தவறில்லை இது. படிப்பில் முதலிடம், பாட்டு வகுப்பு, ஓட்டத்தில் பதக்கம் என்று ஒரே பிள்ளையிடம் எல்லாவற்றையும் முழு அளவில் கேட்கிறோம். பிள்ளை சோர்ந்தால் முயற்சி போதவில்லை என்கிறோம். கேட்பது குற்றமில்லை. இரண்டு நல்லவை ஒரே உடம்பில் சேர்ந்து வாழும்; ஒவ்வொன்றும் மற்றதற்காகக் கொஞ்சம் குறைந்துகொள்ளச் சம்மதித்தால். ஆகவே, ஒருவரிடம் இன்னொன்றையும் கேட்கிறவர், எதை விட்டுவிடலாம் என்பதையும் கூடவே சொல்லக் கடமைப்பட்டவர்.