செட்டையும் சிறகும்

விலங்குகளின் உறுப்புகளை இனந்தோறும் வெவ்வேறு சொல்லால் வழங்குவதா, எல்லா இனத்துக்கும் ஒரு பொதுச்சொல் வகுப்பதா? அகராதி செய்வோரின் வினா இது என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். விடைத்தாளைத் திருத்தும்பொழுதோ இதுவே நீதி பற்றிய வினாவாகின்றது.

கடற்றொழிலாளர் குடும்பத்து மாணவன் ஒருவன் மீனுக்கும் செட்டை, சேவலுக்கும் செட்டை, தும்பிக்கும் செட்டை என எழுதியிருந்தான். அது யாழ்ப்பாணத்து வழக்கே. நாம் சிவப்பு மையால் வெட்டினோம், காரணம் கூறினோமில்லை.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொகுத்து, இன்ன உயிருக்கு இன்னது உரியது என வகுத்தது. பறவைக்குப் பார்ப்பு, யானைக்குக் கன்று, நாய்க்குக் குருளை. மக்கள் வழக்கைக் கற்றோர் மதித்ததன் பயன் அது.

விஞ்ஞானம் வேறொரு வினாவை எழுப்பிற்று. அமைப்பால் ஒத்தவை வேறு, தொழிலால் ஒத்தவை வேறு என 1843இல் றிச்சாட் ஓவன் பிரித்துக் காட்டினார். மனிதனின் கை, வௌவாலின் சிறகு, குதிரையின் முன்னங்கால் மூன்றிலும் எலும்பமைப்பு ஒன்றே. பொது மூதாதையிடமிருந்து வந்தமையே அதற்குக் காரணம் என்று 1859இல் டார்வின் விளக்கினார். சேவலின் சிறகும் தும்பியின் சிறகுமோ பறத்தலில் மட்டுமே ஒத்தவை. தும்பியின் சிறகில் எலும்பே இல்லை.

ஆகவே, ‘சிறகு’ என்னும் புத்தகச்சொல்லும் பிறப்பு வேறுபாட்டை மறைக்கின்றது. மாணவனின் ‘செட்டை’ செய்த குற்றத்தையே அதுவும் செய்கின்றது. ஒன்றை வெட்டி மற்றதற்குப் புள்ளி இட்டது அறிவன்று; பேச்சுச்சொல் தாழ்ந்தது என்னும் மேட்டிமையே.

எனில், பொதுச்சொல் வேண்டாவா? வேண்டும். இலங்கைப் பாடநூல் ‘கலம்’ என்பதைத் தமிழகத்துப் பாடநூல் ‘செல்’ என்கின்றது. ஒரே மொழி பேசும் மாணவர் ஒருவர் நூலை மற்றவர் கற்கத் தடுமாறுகின்றனர். இங்கே திருநெல்வேலியில், 1974இல் வளாகமாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றது. பள்ளியில் தமிழில் கருத்துத் தெளியாத மாணவன் அங்கே மனனத்தையே நம்ப நேரும்.

ஆனால், பொதுச்சொல் ஆணையாக இறங்கி வருதல் ஆகாது. எதை ஒப்பிடுகின்றோம், அமைப்பையா, தொழிலையா என்று முதலில் தெளிந்து, மீனவரையும் உழவரையும் கேட்டு, அதன்பின் அறிஞர் வகுப்பதே முறை. புதுச்சொல் பிறந்தபின் பழையதை வகுப்பறைக்கு வெளியே துரத்தவும் வேண்டியதில்லை.

அந்த விடைத்தாள் மீண்டும் நம் கைக்கு வருமாயின் ‘செட்டை’யை வெட்டமாட்டோம். அதன் பக்கத்தில், ‘இம்மூன்றும் எதனால் ஒத்தவை?’ என்று எழுதுவோம்.