அடைத்தவர் மீதுள்ள கடன்

பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் வரலாற்றை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கேட்டுவிடுகின்றனர். இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் வந்துள்ள செய்தி அது. கொடுமைக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு நாம் அப்பால் நகர்ந்துவிடுகிறோம். ஆயினும் அதன் சொல்லமைப்பை ஊன்றி நோக்கின், அவள் பூனையை அடித்தாள் என்றோ வதைத்தாள் என்றோ அதில் காணோம். அவள் அடைத்தாள், அடைத்தபின் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னவும் விடவில்லை. இவ்வளவே. வெளியே திரிந்த பூனையின் பசிக்கு அவளைப் பிடித்துக் கேட்பார் இல்லை. கதவைச் சாத்திய கணத்தில்தான் அதன் சோறும் நீரும் உயிரும் அவள் கழுத்தில் ஏறின.

இந்த நுணுக்கத்தை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறும், மீண்டும் வெளியே விடலாகாது எனவும் ஆணையிட்டது. பதினொரு நாட்களில் மூவர் அமர்வு அதனைத் திருத்திற்று: வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது. பின்னர் நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களை அங்கே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்குமாறு நாடு முழுமைக்கும் ஓர் ஆணை பிறந்தது.

கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய் நாயின் உரிமையைப் பேசும் துணிவு எமக்கில்லை. வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்துக் குதறும் நாயைக் கொல்ல மார்க்கமே அனுமதி தந்துள்ளது. பிரச்சினை அதுவன்று. கடிக்காத நூறு நாய்களைக் கண்ணுக்கு மறைவாக ஒரு கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிட்டு, அதற்கு ‘அடைக்கலம்’ என்று பெயரிடுகிறோமே, அந்தப் பூட்டுக்கு யார் பொறுப்பு என்பதே எம் கேள்வி.

ஹிஜ்ரி 660-இல் கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்), மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தனியே எடுத்தெழுதியவர். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவிட வேண்டும் என்கிறார். தங்குமிடம் நன்றாக இருக்க வேண்டும் என்கிறார். அதன் இனத்திலோ வேற்றினத்திலோ அதனை முட்டிக் காயப்படுத்தக்கூடிய பிராணியோடு சேர்த்து வைக்கலாகாது என்றும் சொல்கிறார். நெரிசல் மிகுந்த நாய்க் காப்பகத்தைக் கண்டவர்களுக்கு இக்கடைசி விதியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வலியது எளியதைக் கடித்துச் சோற்றைப் பறிக்கும். ஒன்றுக்குப் பார்வோ நோய் கண்டால் குட்டிகள் அடுத்தடுத்துச் சாகும். புதிதாக ஒன்று உள்ளே வரும்போதெல்லாம் முன்பிருந்தவற்றின் இடமும் மருந்தும் குறைகின்றன.

எங்கள் திருவண்ணாமலையில், அயல்நாட்டிலிருந்து வந்து தங்கிய அன்பர் ஒருவர் முயற்சியால் தோன்றிய விலங்குச் சரணாலயம், அடிபட்ட நாய்களுக்கு மருத்துவமும் கருத்தடையும் செய்து பெயர் பெற்றது. அத்தகைய இடங்களுக்கு வரும் பெருந்தொல்லை எது? தெருநாயைவிட, மனிதர் கொண்டுவந்து விட்டுச் செல்லும் குட்டிகளே. ‘அங்கே பார்த்துக்கொள்வார்கள்’ என்று வாயிலில் அட்டைப் பெட்டியை வைத்துவிட்டுப் போவோர் தம்மைக் கருணையாளர் என்றே எண்ணிக்கொள்கின்றனர்.

இது புதிய வழக்கமுமன்று. எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் தம் பள்ளிவாசலை அடுத்திருந்த தோட்டத்தைப் பூனைகளுக்கென வக்ஃபு செய்தார். எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்தியர் வாழ்க்கையைப் பற்றி 1836-இல் வெளியிட்ட நூலில் அதன் பிற்கதை உள்ளது. தோட்டம் பாழாகிப் பலமுறை கைமாறியதாம். பூனைகளுக்குச் சோறிடும் கடமை மட்டும் காஜியின் மேல் விழுந்து, நாள்தோறும் பிற்பகலில் நீதிமன்ற முற்றத்தில் உணவு வைக்கப்பட்டதாம். ஊரார் என்ன செய்தனர்? வீட்டில் பூனை வேண்டாமென்று தோன்றியபோதெல்லாம் கொண்டுவந்து காஜியின் முற்றத்தில் விட்டுச் சென்றனர்! அறம் செய்தவர் சுல்தான். அதைப் பிறர் தலையில் சுமத்தும் வழியாக்கிக் கொண்டவர் குடிமக்கள்.

ஆகவே உள்ளே வரும் எண்ணிக்கை குறைந்தாலன்றிக் காப்பகம் சிறையாவதைத் தடுக்க இயலாது. குறைக்கும் வழி கருத்தடை. இங்கேதான் நம்மவர் தயங்குகின்றனர். அத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவதும் சரியன்று. உண்ணப்படாத பிராணியைக் காயடிப்பது கூடாது என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியுள்ளார்கள். மேலே சொன்ன இப்னு அப்திஸ்ஸலாமே, பருவ காலத்தில் ஆணையும் பெண்ணையும் சேரவிடுவதையும் விலங்கின் உரிமையாகவே எண்ணுகிறார். மறுபுறம் ஹனஃபி நூல்களில், பயன் உண்டாயினும் தீங்கு நீங்குமாயினும் பூனையைக் காயடிப்பதில் தவறில்லை என்ற தீர்ப்பு உள்ளது. காயடிக்கப்பட்ட ஆடுகளைப் பெருமானார் (ஸல்) அவர்கள் குர்பானி கொடுத்த செய்தியும் உண்டு. எங்கள் வட ஆற்காட்டுப் பகுதியில் ஹனஃபிகளும் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் மிகுதி. எனவே இவ்விஷயத்தில் ஊருக்கு ஊர் விடை மாறுவதில் வியப்பில்லை.

எம் கருத்தைக் கேட்பின், அந்நூல்கள் எழுந்த நாளில் மயக்க மருந்து இல்லை; காயடித்தல் என்பது நெடுநேர வேதனை. இன்று மருத்துவர் கையில் வேதனை பெரிதும் குறைந்துவிட்டது. எஞ்சி நிற்பது சந்ததி அறுவது ஒன்றே. வேங்கிக்காலில் வேலூர்ச் சாலையோரம் ஈனப்படும் ஆறு குட்டிகளில் எத்தனை பிழைக்கின்றன என்பதை அவ்வழியே நடப்பவர் அறிவர். இரு தீங்குகள் எதிர்ப்பட்டால் இலேசானதை ஏற்க வேண்டும் என்பது எல்லா மத்ஹபுகளும் ஒப்பிய விதி. சக்கரத்தில் நசுங்குவதைவிட, கூண்டில் நோயால் மடிவதைவிட, பிறவாதிருப்பது இலேசு.

கொன்று குறைக்கும் வழியைச் சென்னை நெடுங்காலம் முயன்று பார்த்தது, நாய்கள் குறையவில்லை. 1964 முதல் கருத்தடையை வற்புறுத்தி வந்த புளூ கிராஸ் அமைப்பின் யோசனையை 1996-இல்தான் மாநகராட்சி ஏற்றது. மைய அரசின் விதிகள் 2001-இல் வந்தன, 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. பிடித்த இடத்திலேயே விடுவதற்கும் காரணம் உண்டு. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால், அங்கே எச்சில் இலை இருக்கும்வரை அடுத்த தெரு நாய்கள் வந்து குடியேறும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டாலே வெறிநோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

எச்சில் என்றதும் பௌர்ணமி கிரிவலத்தின் அன்னதான இலைகளைக் கைகாட்டுவோர் நம்மில் உண்டு. நம் இறைச்சிக் கடைகளின் கழிவும், நிக்காஹ் விருந்தின் எலும்பும், குர்பானி நாளில் புதைக்கப்படாத குடலும் எங்கே போகின்றன? நாயை நஜீஸ் என்று சொல்லி விலகுபவர்களின் வாசலில்தான் நாய் வளர்கிறது. ஒருவரிடம் உளூவுக்கான நீர் மட்டுமே இருந்து, எதிரே கடிக்காத நாயொன்று தாகத்தால் தவித்தால், நீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்ய இடமளிப்பதும் நாயை மிகக் கடுமையான நஜீஸாகக் கருதும் அதே ஷாஃபிஈ சட்டம்தான் என்பதை எத்தனை பேர் அறிவர்!

ஜமாஅத்துகளால் ஆகக்கூடியது பெரிதன்று. ஸகாத் பணம் இதற்குச் செல்லாது. அதற்குரிய எட்டு வகையினரும் மனிதரே. ஸதகாவும் வக்ஃபு வருவாயின் பொதுநலப் பகுதியும் செல்லும். மஹல்லாவில் திரியும் பெண் பூனைகளையும் பெண் நாய்களையும் எண்ணி, கால்நடை மருத்துவரிடம் செலவு கேட்டு, ஆண்டுக்குப் பத்து என்று தொடங்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே குழி வெட்டி வைக்கலாம். வீட்டில் பூனை ஈன்றால், குட்டிகளைப் பெட்டியிலிட்டுக் காப்பக வாயிலுக்கு அனுப்புமுன் உற்றார் நால்வரிடம் கேட்கலாம். பூனை நம்மைச் சுற்றித் திரியும் வீட்டாருள் ஒன்று, அது அசுத்தமன்று எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அன்னார் தம் உளூ நீர்ப் பாத்திரத்தையே பூனை குடிப்பதற்காகச் சாய்த்துப் பிடித்தவர்.