வாங்குவோரின் தர்மம்

கொடுப்போரின் தர்மத்தைப் பற்றி நம் சாஸ்திரங்கள் விரிவாகப் பேசுகின்றன. விற்போருக்கு உரிய நெறியையும் அவை வகுத்துள்ளன. ஆனால் வாங்குவோருக்கும் ஒரு தர்மம் உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பணம் கொடுத்தோம், பொருளைப் பெற்றோம், கணக்கு முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஒருவர் தம் கைகளால் செய்த பொருளை வாங்கும்போது அந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

கைவினைப் பொருட்காட்சிகளுக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இப்போதெல்லாம் பொருளோடு அதைச் செய்தவரின் கதையும் சேர்ந்தே வருகிறது. துணிப்பையிலோ மண்குடுவையிலோ சிறு அட்டை ஒன்று கட்டப்பட்டிருக்கும். செய்தவரின் புகைப்படம் அதில் இருக்கும். அவர் கணவனை இழந்தவர், வறட்சியால் ஊரைவிட்டு வந்தவர், குழந்தைகளைப் படிக்கவைக்கப் போராடுபவர் என்பது போன்ற சில வரிகளும் இருக்கும். படிக்கிறோம், மனம் நெகிழ்கிறது, வாங்குகிறோம். ஒரு குடும்பத்திற்கு உதவிய நிறைவுடன் வீடு திரும்புகிறோம்.

இந்த நிறைவைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். நாம் செய்தது வியாபாரமா, தானமா? வியாபாரம் என்றால், பையின் தையலையோ, சூளையில் குடுவை வெந்த பக்குவத்தையோ நாம் பார்த்தோமா? தானம் என்றால், அதற்கு ஈடாக ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டது ஏன்?

இரக்கத்தால் வாங்குவது தவறா?

'இப்படியெல்லாம் ஆராய்வது வயிறு நிறைந்தவர்களின் வேலை. என்ன எண்ணத்துடன் வாங்கினாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது அல்லவா?' என்று ஒருவர் கேட்கலாம். இந்த ஆட்சேபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2019-20-இல் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டுள்ளனர். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்த நிலையில் எந்த வழியில் வந்தாலும் பணம் பணமே.

ஆயினும் இரக்கத்தால் செய்யும் கொள்முதலில் மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, அது இரண்டாம் முறை வருவதில்லை. கதை கேட்டு வாங்கிய புடவை பெட்டியின் அடியில் கிடக்கிறது. அடுத்த ஆண்டு வேறொரு கதை நம் மனத்தைத் தொடுகிறது. கைவினைஞருக்கு வேண்டியதோ மீண்டும் மீண்டும் வரும் வாடிக்கையாளர்.

இரண்டாவது, அது செய்பவரின் துன்பத்தைச் சரக்காக்குகிறது. அதிகம் துன்பப்பட்டவரின் பொருள் அதிகம் விலைபோகும் என்ற நிலை வந்தால், துன்பத்திலிருந்து மீண்டவர் என்ன செய்வார்? மகள் படித்து வேலைக்குப் போய்விட்டாள், கூரை ஓடாகிவிட்டது என்றால், அட்டையில் எழுத அவரிடம் எதுவும் மிஞ்சாது. கஷ்டம் தீர்ந்தால் வியாபாரமும் தீரும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்துவது உதவியாகுமா?

மூன்றாவது, நுட்பமானது. இரக்கம் கொள்பவர் தம்மை அறியாமலே ஒரு படி மேலே ஏறி நிற்கிறார். தைத்திரீய உபநிஷத்தில், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு உபதேசம் செய்யும் பகுதி ஒன்று உண்டு. சிரத்தையோடும், நாணத்தோடும், அறிவோடும் கொடுக்க வேண்டும் என்பது அங்கே கூறப்படும் கருத்து. கொடுக்கும்போதே நாணம் வேண்டும் என்றால், உழைத்துச் செய்த பொருளை வாங்கிக்கொண்டு 'உதவினேன்' என்று எண்ணுவதற்கு எவ்வளவு நாண வேண்டும்!

நன்கொடை வேண்டாம் என்றவர்கள்

1959 மார்ச் 15-ஆம் தேதி, மும்பையின் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் 7 பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். அதிகம் படித்தவர்கள் அல்லர். வீட்டு வேலை முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் ஏதேனும் சம்பாதிக்க விரும்பியவர்கள். சமூகத் தொண்டர் சகன்லால் கரம்சி பாரேக்கிடம் 80 ரூபாய் கடன் வாங்கியிருந்தார்கள். அன்று அவர்கள் செய்தவை 4 பொட்டலங்கள். 'லிஜ்ஜத்' என்று இன்று நாடறிந்த நிறுவனத்தின் தொடக்கம் இதுவே.

ஏழைப் பெண்களின் கதை என்று சொல்லி இதை எளிதில் விற்றிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நஷ்டமே வந்தாலும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். முதலில் இரண்டு தரங்களில் அப்பளம் செய்து, தாழ்ந்த தரத்தைக் குறைந்த விலைக்கு விற்க எண்ணினார்கள். ஒரே தரத்தில் செய்யுங்கள், அதில் ஒருபோதும் இறங்காதீர்கள் என்று பாரேக் அறிவுறுத்தினார். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதங்கள் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மீது அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள்.

பிற்பாடு அவர்கள் சூட்டிக்கொண்ட பெயரும் கவனிக்கத்தக்கது. 'லிஜ்ஜத்' என்ற குஜராத்திச் சொல் சுவையைக் குறிக்கிறது. செய்பவரின் வறுமையையோ பெண்மையையோ அந்தப் பெயர் சுட்டவில்லை. நாவில் படும் பொருளின் குணத்தைச் சுட்டியது. இன்று அதன் உறுப்பினர்களான சகோதரிகள் 40,000-க்கும் மேற்பட்டோர். அவர்களே அதன் உரிமையாளர்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவர்கள் கதையை நாம் விரும்பிச் சொல்கிறோம். ஆனால் வீடுகளில் அந்த அப்பளம் மீண்டும் மீண்டும் வாங்கப்பட்டதற்குக் காரணம் அதன் சுவை.

நீரைத் தேடிச் சென்ற ஊர்

இன்னோர் உதாரணம் குஜராத்தின் கட்ச் பகுதியைச் சேர்ந்தது. அங்கே தமட்கா என்ற ஊரில் கத்ரி சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக அஜ்ரக் என்னும் அச்சுத்துணி செய்துவந்தனர். 2001 ஜனவரி 26-இல் ஏற்பட்ட பூகம்பம் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியது. அதன்பின் அங்குள்ள நீரில் இரும்பின் அளவு கூடிவிட்டதால் சாயம் முன்போல் துலங்கவில்லை. பல குடும்பங்கள் தகுந்த நீரைத் தேடிப் புறப்பட்டு, புஜ் நகருக்கு அருகே ஒரு புதிய ஊரை அமைத்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அஜ்ரக்பூர்.

பூகம்பத்தில் வீடிழந்தோர் என்ற கதை ஒன்றே அவர்களது துணியைப் பல ஆண்டுகளுக்கு விற்றுத் தந்திருக்கும். கொஞ்சம் மங்கிய சிவப்பையும் உலகம் இரக்கத்தோடு ஏற்றிருக்கும். சிவப்பு மங்குவதை அவர்கள் ஏற்கவில்லை. இழந்த வீட்டைக் கட்டும் வேளையிலும் நீரின் தன்மையை ஆராய்ந்தார்கள். தொழில் ஒருவரிடம் கேட்கும் நேர்மை இத்தகையது.

அந்தத் துணி உருவாகும் முறையை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது. துணியை ஆமணக்கெண்ணெயும் ஒட்டகச் சாணமும் கலந்த நீரில் ஊறவைத்து வெளுக்கிறார்கள். கடுக்காய் நீரில் தோய்க்கிறார்கள். வெண்மையாக நிற்க வேண்டிய கோடுகளில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த குழம்பை மரஅச்சால் பதிக்கிறார்கள். பழைய இரும்பை வெல்லத்தோடு புளிக்கவைத்துக் கறுப்பு எடுக்கிறார்கள். படிகாரம் பதிந்த இடத்தில் சிவப்பு ஏறுகிறது. அவுரித் தொட்டியில் முக்கினால் நீலம் ஏறுகிறது. இடையிடையே அலசலும் வெயிலில் உலர்த்தலும் உண்டு. அவசரம் காட்டினால் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். நீலத்தைக் குறிக்கும் 'அஸ்ரக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். ஆனால் மக்கள் வழக்கில் வேறொரு விளக்கமும் உண்டு: 'ஆஜ் ரக்', அதாவது 'இன்று அப்படியே இருக்கட்டும்'. சொல்லாராய்ச்சி முதல் விளக்கத்தின் பக்கம் நிற்கலாம். இரண்டாவது விளக்கத்தில் இருப்பது அந்தத் தொழிலின் பொறுமை.

இங்கே இரு வகைக் கதைகளை வேறுபடுத்திக் காண்கிறோம். ஒன்று, செய்பவரிடம் என்ன இல்லை என்று சொல்லும் கதை. மற்றொன்று, அவர் என்ன செய்கிறார் என்று சொல்லும் கதை. முதலாவது நம் கண்ணைப் பொருளிலிருந்து விலக்குகிறது. இரண்டாவது கண்ணைப் பொருளின்மீது பதியச் செய்கிறது.

கதை பொய்யானால்

கண் விலகுவதால் விளையும் தீங்கைக் காசியில் காணலாம். பனாரஸ் பட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறித் துணிக்கான முத்திரை 2006 முதல் உள்ளது. எனினும் விசைத்தறியில் நெய்த புடவைகள் 'கைத்தறிப் பனாரஸ்' என்ற பெயரில் இன்றும் விற்கப்படுகின்றன. நலிந்த நெசவாளரின் கதையைச் சொல்லியே, அவரை நலியச் செய்யும் சரக்கு விற்கப்படுகிறது!

அட்டையை மட்டும் படிப்பவரால் இந்த மோசடியைக் கண்டுபிடிக்க இயலாது. புடவையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கு ஓரளவு புரியும். 'கடுவா' என்ற முறையில் ஒவ்வொரு பூவையும் தனித்தனியே நெய்கிறார்கள். எனவே ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே பின்புறத்தில் நூல் ஓடுவதில்லை. வெட்டிய பிசிரும் இருப்பதில்லை. இதற்கு நாட்கள் ஆகும். அதனால் விலையும் கூடும். இதை அறிந்து விலை கொடுப்பவரே நெசவாளரை உண்மையில் காப்பவர். அறியாத இரக்கம் பல நேரங்களில் பொய் சொல்பவரின் பெட்டியை நிரப்பிவிடுகிறது.

துலாதாரரின் தராசு

அதே காசியில் வாழ்ந்த ஒரு வணிகரை மகாபாரதத்தின் சாந்தி பர்வம் அறிமுகப்படுத்துகிறது. அவர் பெயர் துலாதாரர். தராசைப் பிடிப்பவர் என்பது பொருள். ஜாஜலி என்ற தபஸ்வி தம் சடைமுடியில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை அசையாமல் தவம் செய்தார். 'தர்மத்தை அடைந்துவிட்டேன்' என்று அவர் கர்வம் கொண்டபோது, துலாதாரருக்கு நீர் இணையாகமாட்டீர் என்று ஓர் அசரீரி கூறியது. அவர் தேடிச் சென்று கண்டது கடையில் அமர்ந்து வியாபாரம் செய்யும் ஒருவரை. தம் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்பதே துலாதாரர் அவருக்குக் கூறியதன் சாரம்.

தராசு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. பேராசை அதை ஒரு பக்கம் சாய்க்கும் என்பது நமக்குத் தெரியும். இரக்கமும் சாய்க்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பேரங்காடியில் அச்சிட்ட விலையை வாய்திறவாமல் கொடுக்கிறோம். தெருவோரத்தில் கூடை முடைபவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். பொருட்காட்சியில் ஒரு கதையைப் படித்துவிட்டு, கேட்டதைவிட அதிகம் கொடுக்கிறோம். இம்மூன்றிலும் பொருளை யாரும் எடை போடவில்லை.

அப்படியானால் இரக்கத்திற்கு இடமே இல்லையா? நிச்சயம் உண்டு. துன்பத்தில் இருப்பவருக்குக் கொடுக்க விரும்பினால், எதையும் எதிர்பாராமல் கொடுப்போம், அது தானம். அவர் செய்த பொருளை வாங்கினால், அதற்குரியதை முழுமையாகக் கொடுப்போம், அது நீதி. நீதியாகத் தர வேண்டியதைத் தானமாகத் தருவது, கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும்.

'மூல்யம்' என்ற வடசொல் விலை, மதிப்பு இரண்டையும் குறிக்கிறது. தமிழில் இவை தனித்தனிச் சொற்கள். விற்பதோடு தொடர்புடையது விலை. மதித்தலோடு தொடர்புடையது மதிப்பு. ஒன்றை மதிக்க வேண்டுமானால் முதலில் அதை அறிய வேண்டும். அறிந்து மதித்து, அதற்கேற்ற விலையைத் தரும்போது இரு சொற்களும் மீண்டும் ஒன்றாகின்றன. அந்த இடத்தில் வாங்குபவர் மேலும் இல்லை, செய்பவர் கீழும் இல்லை.

'கைவினை' என்னும்போது நாம் ஆளும் 'வினை' என்ற சொல்லே கர்மத்தையும் குறிக்கிறது. நெய்பவரும் வனைபவரும் தம் வினையைச் செவ்வனே முடித்து நம்முன் வைக்கிறார்கள். அடுத்து நம் வினை தொடங்குகிறது. அட்டையைப் படிப்பதற்குமுன் பொருளைக் கையில் எடுப்போம். அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்போம். எப்படிச் செய்தார்கள், எத்தனை நாட்கள் ஆயின, நாம் தரும் பணத்தில் செய்தவருக்கு எவ்வளவு சேரும் என்று மரியாதையோடு கேட்போம். நன்றாக இருந்தால் உரிய விலை கொடுத்து வாங்கி, அன்றாடம் பயன்படுத்துவோம். தேய்ந்தபின் மீண்டும் அவரிடமே செல்வோம்.