கொட்டான் முடைந்த ஆச்சிமார்

பர்மாவில் லேவாதேவி பார்க்கக் கப்பலேறிய நகரத்தார் ஏஜெண்டின் தவணை பொதுவாக 3 ஆண்டு. அதுவரை செட்டிநாட்டு வீடு ஆச்சியின் பொறுப்பு. கோடையில் முற்றத்து வெயிலில் வற்றலும் வடகமும் காயும், ஜாடியில் மாவடு ஊறும்.

அடுப்படி ஓய்ந்ததும் பனங்குருத்தோலை கைக்கு வரும். உலர்ந்த ஓலையின் ஈர்க்கை நீக்கி, மெல்லிய கீற்றாகக் கிழித்து, சாயமேற்றி, நனைத்துப் பதமாக்கிய பிறகே கொட்டான் எனும் ஓலைக்கூடையை முடைவார்கள். ஈரம் குறைந்தால் மடிப்பில் ஓலை வெடித்துவிடும். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அநியாயம். விரலுக்கும் கண்ணுக்கும் அத்தனை தேர்ச்சி வேண்டும். கல்யாணச் சீர் வைக்க இந்தக் கொட்டான்களே எடுக்கப்பட்டன. லேவாதேவிக்குப் போன ஏஜெண்டுகளில் பலரோ, 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, கடைகளை விட்டுவிட்டு ஊர் திரும்பினர்.