கண் காணாத கணக்கப்பிள்ளை

வணிகச் சகோதரர்களே!

முன்னாளில் கணக்கப்பிள்ளை நம் கல்லாவுக்கு அருகிலேயே அமர்ந்து சிட்டை எழுதினார். கடையிலேயே உண்டு உறங்கினார். அவர் முகம் வாடினால் முதலாளி அறிவார். இன்றோ அவ்வேலையை மெய்நிகர் உதவியாளர் என்னும் பெயரில் ஒருவர் திருச்சியிலோ தஞ்சையிலோ தம் வீட்டிலிருந்தே செய்கிறார். பில் போடுவதும், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பதும், பாக்கியை நினைவூட்டுவதும் அவரே. வேலை செய்த மணிக்கு மட்டும் கூலி என்பதால் சிறுகடைக்காரருக்கு இது பேருதவி.

ஆயினும் ஒரு கேள்வி. கண்ணில் படாதவர்பால் நம் கடமை குறையுமா?

குறையாது என்போம். சிங்கப்பூரில் காலை 9 மணி ஆகும்போது அங்கே 6.30தான். கடை திறந்ததும் நாம் அனுப்பும் உத்தரவு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தவிக்கும் ஒரு தாயிடம் போய்ச் சேரலாம். பேசிய நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கும் கூலி உண்டு. அதைத் தாமதிப்பது மிக எளிது. அவர் நம் வாசலில் வந்து நின்று கேட்க மாட்டார் அல்லவா? எளிதென்பதாலேயே நாம் அஞ்ச வேண்டும்.

அவருக்கும் கடமை உண்டு. நம் வாடிக்கையாளரின் பெயரும் பாக்கியும் அவர் கையில் அமானிதம். அது வெளியே கசிந்தால், சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் கேட்கும். ஆகவே வேலை, நேரம், கூலி, கூலி தரும் நாள் அனைத்தையும் முதலிலேயே எழுதிக்கொள்வோம்.

வாங்குபவர் தராசைப் பாராதபோதும் எடை சரியாக இருப்பது நம் தொழில் நெறி. ஆளைப் பாராதபோதும் கூலி சரியாகப் போய்ச் சேர்வதும் அந்நெறியே.