கொட்டகைக் கண்ணீர்

கிராமத்தில் மாலை வந்தால் ஒரு நாள் முடிகிறது. பட்டணத்தில் மாலை வந்த பிறகுதான் பலருக்குச் சொந்த நாள் ஆரம்பமாகிறது. ஆபீஸிலிருந்து வந்து, முகத்தைக் கழுவி, காபியைக் குடித்துவிட்டு, "இன்றைக்கு எங்கே?" என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். ஒரு வாரம் சபாவில் நாடகம். மறு வாரம் சினிமா. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பகலெல்லாம் சட்டத்தையும் பைல்களையும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, இரவில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையில் அழுதார்கள். அவர்களைப் போன்ற மற்றவர்கள் விக்டோரியா பப்ளிக் ஹாலில் உட்கார்ந்து பார்த்தார்கள். 1914-ல் ரகுபதி வெங்கையா மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் கெயிட்டி கொட்டகையைக் கட்டினார். பிறகு பேட்டைக்குப் பேட்டை சபாக்கள் வந்தன. சந்தா கட்டினால் மாதம் தவறாமல் நாடகம். பால்காரர் பால் ஊற்றிவிட்டுப் போவது போல, துக்கமும் சிரிப்பும் கணக்காக வந்து சேர்ந்தன. இன்று சபா நாடகத்துக்கு வருகிறவர்களின் தலைகளில் நரையே அதிகம். சினிமாக் கொட்டகைகள் பல, கடைகள் நிறைந்த பெரிய மாளிகைகளின் மேல்மாடிக்குக் குடிபோய்விட்டன. ஆனாலும் பழக்கம் போகவில்லை. நாற்காலிதான் மெத்தென்று ஆகியிருக்கிறது.

இதில் என்னை வெகுநாட்களாக உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. வாரந்தோறும் காசு கொடுத்து, பிறருடைய துக்கத்தைப் பார்த்து அழுதுவிட்டு வருகிறோமே, இதனால் நாம் கொஞ்சமாவது நல்லவர்களாகிறோமா? அல்லது, இருக்கிற இரக்கத்தையும் அங்கேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறோமா?

இது எனக்குப் பொழுதுபோக்கான கேள்வி அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். "உங்கள் நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு ராத்திரி முழுவதும் அழுதேன்" என்று யாராவது எழுதினால் அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஒருவர் ராத்திரி தூங்காமல் அழுததில் எனக்கு என்ன சந்தோஷம்? அந்தக் கண்ணீரால் யாருக்காவது ஒரு வாய்ச் சோறு கிடைத்ததா? பதில் இல்லாவிட்டால் நான் செய்யும் தொழிலைப் பற்றியே யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சந்தேகம் பழையது. நாலாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரத்துக்குப் படிக்கப் போன அகஸ்டின் என்ற வாலிபர், நாடகம் பார்க்கும் மோகத்தில் விழுந்தார். பிற்காலத்தில் ஞானியாகித் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தபோது, இந்த விசித்திரத்தை எண்ணி வியந்தார். தனக்கு வந்தால் ஒருவரும் விரும்பாத துக்கத்தை, மேடையில் காண மட்டும் ஏன் தேடிப் போகிறோம்? அங்கே நம்மை உதவிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. வருந்துவதற்கு மட்டுமே கூப்பிடுகிறார்கள். இது எப்படி இரக்கமாகும் என்று கேட்டார்.

அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் வில்லியம் ஜேம்ஸ் இன்னும் கடுமையானவர். மனோதத்துவத்தைப் பற்றி அவர் 1890-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் ஒரு ரஷ்யச் சீமாட்டி வருகிறாள். நாடகக் கொட்டகைக்குள்ளே கற்பனை மனிதர்களுக்காக அவள் விம்மி விம்மி அழுகிறாள். வெளியே அவளுடைய வண்டிக்காரன், வண்டியில் உட்கார்ந்தபடியே குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். இப்படிப்பட்ட பழக்கம் மனிதர்களை அரக்கர்களாக்கிவிடும் என்பது ஜேம்ஸின் கட்சி. அதற்கு அவர் சொல்லும் மருந்து சுலபமானது: மனத்தில் ஓர் உணர்ச்சி எழுந்தால் அதை ஏதாவது ஒரு காரியமாக்காமல் விடாதே. பெரிதாக ஒன்றும் அகப்படாவிட்டால், அத்தையிடம் நாலு வார்த்தை பிரியமாகப் பேசு; டிராம் வண்டியில் எழுந்து இடம் கொடு.

நம் ஊரில் குளிரில் யாரும் விறைப்பதில்லை. ஆனால் வண்டிக்காரர் இருக்கிறார். நாடகம் விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும் கூட்டம், வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மேடையில் ஏழைத் தகப்பனாக நடித்தவருக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது, வீட்டில் நிஜமாகவே ஏழைத் தகப்பனாக இருக்கும் அந்த மனிதருக்கு உண்டா? கிடையாது.

அதற்காக, கொட்டகைக் கண்ணீர் எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ராஜ்கோட்டில் ஒரு சிறுவன், தகப்பனாரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு, ஒரு நாடகக் கம்பெனி நடத்திய அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்தான். எத்தனை முறை பார்த்தும் அலுக்கவில்லை. தனியே இருக்கும்போதெல்லாம் அரிச்சந்திரனாகத் தானே நடித்துப் பார்த்தான். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக் கூடாது என்று தன்னையே கேட்டுக்கொண்டான். அந்தச் சிறுவன் காந்தி. ஆனால் அந்தக் கொட்டகையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே அளவு அழுதவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் மறுநாள் காலையில் கடையைத் திறந்து, வழக்கம் போல் நிறுத்துக் கொடுத்திருப்பார்கள். ஆகவே, நாடகம் ஒருவனை நல்லவனாக்கும் என்று அடித்துச் சொல்வதற்கும் இல்லை. கெடுத்துவிடும் என்று சொல்வதற்கும் இல்லை.

கொட்டகையில் கண்ணீர் ஏன் அத்தனை சுலபமாக வருகிறது என்பதை யோசித்தால் கொஞ்சம் வழி தெரிகிறது. அங்கே இருட்டு, நாம் அழுவதை யாரும் பார்ப்பதில்லை. மேடையில் இருப்பவர் நம்மிடம் கைமாற்றுக் கேட்கப் போவதில்லை. ஒன்பது மணிக்கு எப்படியும் திரை விழுந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நமக்கு முழுக் கதையும் தெரியும். அவள் கோபமாகப் பேசுகிறாள் என்றால், முந்தின காட்சியில் அவளுக்கு நேர்ந்த அவமானத்தைப் பார்த்திருக்கிறோம். அவன் திருடுகிறான் என்றால், வீட்டில் குழந்தை ஜுரமாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம்.

வாழ்க்கையில் இந்த நாலும் இல்லை. வேலைக்காரி ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறாள். நமக்குத் தெரிவது அந்தத் தாமதம் என்ற ஒரே காட்சிதான். அதற்கு முந்தின காட்சிகள் எங்கேயோ ஒரு குடிசையில், நமக்கு டிக்கட் இல்லாத இடத்தில், நடந்து முடிந்துவிட்டன. முழு நாடகத்தையும் பார்த்திருந்தால் நாம் அவளுக்காக அழுதிருப்போம். ஒரு காட்சியை மட்டும் பார்த்ததால் சம்பளத்தில் பிடிக்கிறோம்.

கோமல் சுவாமிநாதனின் "தண்ணீர் தண்ணீர்" 1980-ல் மேடையேறியது. குடிக்கத் தண்ணீர் இல்லாத அத்திப்பட்டி என்ற கிராமத்தின் கதை. பிறகு சினிமாவாகவும் வந்தது. வறண்ட கிராமங்களைப் பற்றிய செய்தியைப் பட்டணத்துக்காரர்கள் அதற்கு முன் பத்திரிகையில் படிக்காமலா இருந்தார்கள்? படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். நாடகம் அவர்களைப் புரட்ட விடவில்லை. ஒரு கிராமம் மனுப் போட்டது, காத்திருந்தது, தானே கால்வாய் வெட்டக் கிளம்பியது, சர்க்கார் குறுக்கே நின்றது என்று முதலிலிருந்து கடைசி வரையில் உட்கார்ந்து கேட்க வைத்தது. 2019 ஜூனில் ஏரிகள் வற்றிச் சென்னையே பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றபோது, என் தெருவில் பெரியவர்கள் சிலர் அந்த நாடகத்தின் பெயரைச் சொன்னார்கள். முன்பு எப்போதோ கேட்ட கதை அவர்களுக்கு மறக்கவில்லை.

ஆனால் வாடிக்கையாகப் பார்ப்பதில் ஓர் அபாயம் உண்டு. நாளடைவில் நாம் துக்கத்துக்கு நீதிபதிகளாகிவிடுகிறோம். "நன்றாக அழுதாள்" என்கிறோம். "இரண்டாவது காட்சியில் சோகம் போதவில்லை" என்கிறோம். இது மேடையோடு நின்றால் பரவாயில்லை.

என் நண்பர் ஒருவர், ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபா நாடகம் ஒன்றைக்கூட விடாதவர். எங்கள் தெருவில் ஒரு விடியற்காலை ஒரு பெரியவர் காலமானார். இருவரும் போயிருந்தோம். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மூத்த பெண் ஓடிவந்து விழுந்து அலறினாள். நண்பர் என் காதோரம் குனிந்து, "கொஞ்சம் தூக்கல்" என்றார்.

ரசனை முற்றினால் இப்படித்தான் ஆகும் என்று இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடலாம். படிக்கிறவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அன்றைய பகலில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஐஸ் பெட்டிக்குப் போன் செய்தவர் அவர். டாக்டர் சர்டிபிகேட்டுக்கு அலைந்தவர் அவர். பிறகு அந்த வீட்டு அம்மாளின் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த அம்மாள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்குத் தண்ணீர் கேட்டார். சொம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள்..." அதே வார்த்தைகள், அதே இடத்தில் நிறுத்தம். கேட்டவர்களில் பலர், "அழாதீங்க மாமி, மனசைத் தேத்திக்குங்க" என்று பாதியிலேயே முடித்துவைத்தார்கள். காலையில் எல்லோரையும்விட அதிகமாக அழுத ஒருவர், பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போய்விட்டார். நண்பர் மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ தடுக்க வந்தபோது, "சொல்லட்டும்" என்று கையைக் காட்டினார்.

திரும்பி வரும்போது, "உங்களுக்கு அலுக்கவில்லையா, சார்?" என்று கேட்டேன்.

"ஒரே நாடகத்தைப் பதினோரு தடவை பார்த்தவன் சார் நான். பன்னிரண்டாவது தடவையும் முதல் தடவை மாதிரி உட்காரத் தெரியாவிட்டால், இத்தனை வருஷம் சந்தா கட்டி என்ன பிரயோஜனம்?" என்றார்.

அகஸ்டினுக்கும் ஜேம்ஸுக்கும் இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. கண்ணீரைக் கொண்டு கணக்குப் போட்டால் அந்த நண்பர் தேறமாட்டார்; ரஷ்யச் சீமாட்டி முதல் வகுப்பில் தேறிவிடுவாள். கொட்டகை நமக்குக் கற்றுக் கொடுக்கக் கூடியது அழுவதை அல்ல. அழுவதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு, நடுவில் குறுக்கிடாமல், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், ஒரு மனிதனுடைய கதையை முடிகிற வரையில் கேட்கும் பொறுமை இருக்கிறதே, அதைத்தான் அங்கே வாரந்தோறும் பழகுகிறோம். பழகியதை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோமா, வீட்டுக்குக் கொண்டுவருகிறோமா என்பது மட்டும்தான் கேள்வி.

சபையர் கட்டடத்தில் 'புளூ டயமண்ட்' என்று ஒரு கொட்டகை இருந்ததைச் சென்னைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1964-ல் வந்தது, இன்று அந்தக் கட்டடமே இல்லை. அங்கே படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கதையின் நடுவில் நுழைந்து, முடிவைப் பார்த்து, பிறகு ஆரம்பத்தைப் பார்த்து, "இந்த இடத்தில்தானே வந்தோம்" என்று எழுந்து வருவார்களாம். பிறர் வாழ்க்கைக்குள் நாம் எப்போதும் அப்படி நடுவில்தான் நுழைகிறோம். அங்கே உட்கார்ந்திருந்தால் ஆரம்பம் தானாகத் திரையில் வரும். வெளியிலோ கேட்டால்தான் வரும்.

நாளைக் காலையில் வேலைக்காரி மறுபடியும் தாமதமாக வரக்கூடும். "ஏன் நேரமாயிற்று?" என்று எப்படியும் கேட்கத்தான் போகிறோம். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கிற வரையில் உட்கார்ந்திருந்தால் போதும். டிக்கட் வாங்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு அது முடியாத காரியமா, என்ன?