பெயர் வேண்டாம், கணக்கு வேண்டும்

கோயில் ட்யூப் லைட்டைக் கவனித்திருப்பீர்கள். 'உபயம்' என்று ஆரம்பித்து, கொடுத்தவர், அவர் சம்சாரம், பேரப்பிள்ளைகள், கடை விலாசம் என்று கறுப்புப் பெயின்ட்டில் எழுதித் தள்ளியிருப்பார்கள். எழுத்து போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரவேண்டும்.

இதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் 'வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது' என்று யாராவது சொன்னால், மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டுகிறோம். நானும் வெகுநாள் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். கரிவலம்வந்தநல்லூர்தான் என்னைக் குழப்பிவிட்டது.

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். பால்வண்ணநாதர் கோயில். பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, உ.வே.சாமிநாதையர் ஆசை ஆசையாகத் தேடிப் போனார். விசாரித்தால், ஏடுகள் இல்லை. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்பது ஆகம விதியாம். அப்படியே செய்துவிட்டார்களாம்! 'என் சரித்திரம்' இந்தப் பத்திரிகை உலகுக்குப் புதிதல்ல. 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. அதைப் படித்தவர்களுக்கு ஐயர் பட்ட வேதனை தெரியும்.

கோபப்படுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவர்கள் ஏட்டைத் திருடவில்லை, விற்கவில்லை. பக்தியோடு, மரியாதையாக, நெய்ச் செலவும் செய்து எரித்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எந்த ஊரில், யார் வீட்டுப் பரணில், என்ன ஏடு இருக்கிறது என்று ஒரு பொதுப் பட்டியல் இல்லை. அதுதான் குறை. அந்தப் பட்டியல் இல்லாததால்தான் அந்தப் பெரியவர் மாட்டு வண்டியிலும் நடையிலுமாக ஊர் ஊராக அலைந்தார். ஓர் ஊரின் குப்பை இன்னோர் ஊரில் ஒருவர் உயிரைக் கொடுத்துத் தேடுகிற பொருள் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பழங்கதைதானே என்கிறீர்களா? மருத்துவ ஆராய்ச்சிக்கு வாருங்கள்.

இதற்கு அரசாங்கம் மட்டும் பணம் கொடுப்பதில்லை. உலகம் முழுக்க அறக்கட்டளைகள், நோயாளிகளின் சங்கங்கள், குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் சேர்ந்து ஆரம்பித்த அமைப்புகள் எல்லாம் கொடுக்கின்றன. அத்தனையும் நல்ல காசு. ஆனால், ஒருவர் கொடுத்தது அடுத்தவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? ஒரே கேள்விக்கு நாலு பேர் பணம் கட்டுவார்கள். எவரும் தொடாத நோய் அப்படியே கிடக்கும். ஓரிடத்தில் தோற்ற சோதனையை, தோற்றது தெரியாமலே இன்னோரிடத்தில் ஆரம்பிப்பார்கள்.

இதனால் உயிரே போகலாம். 1980-ல் இங்கிலாந்தில், மாரடைப்பு நோயாளிகள் நூறு பேருக்குச் சற்றுக் குறைவானவர்களை வைத்து, லோர்கைனைட் என்ற மருந்தைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைச் சீர்செய்கிற மருந்து. மருந்து சாப்பிட்ட பாதிப் பேரில் 9 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட மறுபாதியில் ஒரே ஒருவர். தற்செயல் என்று நினைத்தார்கள். வியாபாரக் காரணங்களால் மருந்தும் கைவிடப்பட்டது, முடிவு வெளிவரவில்லை. வெளிவந்தது 1993-ல். அதற்குள் அதே வகை மருந்துகள் எத்தனையோ பேருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. முன்பே சொல்லியிருந்தால் அது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்று அந்த டாக்டர்களே எழுதினார்கள். அங்கே ஏட்டை எரித்தார்கள், இங்கே டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டும் ஒன்றுதான்.

2009-ல் இயன் சால்மர்ஸ், பால் கிளாசியூ என்ற இருவர் 'லான்செட்' இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். தவறான கேள்வி, மோசமான திட்டம், வெளியிடாத முடிவு, அரைகுறை அறிக்கை என்று, மருத்துவ ஆராய்ச்சிப் பணத்தில் சுமார் 85 சதவிகிதம் வீணாகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் வயிறு எரிகிறது.

இதற்கு என்ன வழி? கொடுப்பவர்கள் ஒரு பொது நோட்டுப் புத்தகம் போட வேண்டும். சிலர் போட்டும் இருக்கிறார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற அமைப்புகள் பல நாடுகளிலிருந்து 2000-ல் ஒரு கூட்டாகச் சேர்ந்து, தங்கள் மானியங்களை ஒரே பொதுப் பதிவில் போடத் தொடங்கின. அமெரிக்காவில் 'ஹெல்த் ரிசர்ச் அலையன்ஸ்' என்ற கூட்டமைப்பில் சேர்ந்த அரசு சாராத அமைப்புகளும் இதே காரியத்தைச் செய்தன. யார் கொடுத்தது, யாருக்கு, எவ்வளவு, எதற்காக, எத்தனை வருஷத்துக்கு. இவ்வளவுதான். ஒரே நோயை ஆளுக்கொரு பெயரில் எழுதினால் தேடிக் கிடைக்காது. அதனால் பொதுவான பகுப்பு முறைகளையும் உண்டாக்கினார்கள். நம் நாட்டில் 2007-ல் மருந்துச் சோதனைகளுக்கான பொதுப் பதிவேடு வந்தது. 2009-லிருந்து சோதனையை அதில் முன்கூட்டியே பதிவுசெய்வது கட்டாயம். யார் காசில் நடக்கிறது என்பதும் அதில் உண்டு. நீங்களே பார்க்கலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். சோழர் காலக் கல்வெட்டு ஒன்றைப் படித்துப் பாருங்கள். நந்தா விளக்குக்கு இன்னார் கொடுத்தது 96 ஆடு, ஏற்றுக்கொண்டவர் இன்னார், தினம் அளக்க வேண்டியது ஓர் உழக்கு நெய். கொடுத்தவர், வாங்கியவர், தொகை, நோக்கம், கடமை எல்லாம் ஒரே சுவரில்! அடுத்து விளக்குப் போட வருகிறவர், எந்தச் சந்நிதிக்கு விளக்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். நெய் குறைந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். ட்யூப் லைட்டில் எழுதுவது பெருமை. கல்லில் எழுதியது கணக்கு. இரண்டையும் நாம்தான் குழப்பிக்கொண்டுவிட்டோம்.

"என் யோசனையை அடுத்தவன் திருடிக்கொள்ள மாட்டானா?" என்று ஆராய்ச்சியாளர் கேட்பார். நியாயமான பயம். யோசனையின் உள்விவரத்தைக் கொடுக்க வேண்டாம், தலைப்பும் தொகையும் போதும். "விளம்பரம் எனக்குப் பிடிக்காது" என்று தருமவான் சொல்வார். அதுவும் சரி. 'பெயர் சொல்ல விரும்பாத அன்பர்' என்று போட்டுக்கொள்ளட்டும். அடக்கம் என்பது நம் பெயரை மறைப்பது. காரியத்தையும் சேர்த்து மறைத்தால், நம் மன திருப்திக்காக ஒரு நோயாளி விலை கொடுக்கிறார் என்று அர்த்தம். கொடுத்த பிறகு அந்தப் பணம் நம்முடையதல்ல. அது என்ன ஆயிற்று என்கிற செய்தியும் நமக்கு மட்டும் சொந்தமல்ல.

நீங்களும் நானும் லட்சக்கணக்கில் கொடுக்கப்போவதில்லை. இருந்தாலும் அடுத்த முறை ஒரு நல்ல காரியத்துக்கு ஐந்நூறோ ஆயிரமோ எடுக்கும்போது, இரண்டு கேள்வி கேளுங்கள். 'இதற்கு முன்னால் யாராவது கொடுத்திருக்கிறார்களா? போன தடவை கொடுத்தது என்ன ஆச்சு?' வந்தவர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, கேளுங்கள். கரிவலத்தில் நெய்யை ஊற்றுவதற்கு முன் ஒரே ஒருவர், 'இதில் என்ன எழுதியிருக்கு, வேற யாருக்காவது வேணுமா?' என்று கேட்டிருந்தால் போதும்.